பூதக்கண்ணாடியும் ஒரு சிட்டிகைக் கரித்தூளும்: வாசகர் கேள்வி – பதில்

வெயிலையும் லென்ஸையும் மட்டும் வைத்துக் கேம்ப் ஃபயர் மூட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: உச்சி வெயிலில் காய்ந்த சருகின் மேல் பூதக்கண்ணாடியைக் காட்டினேன். புகை வந்தது, ஓட்டை விழுந்தது, அதோடு சரி. அரை மணி நேரம் முயன்றும் தீ வரவில்லை. லென்ஸில் கோளாறா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டை விழுந்ததே அதற்குச் சாட்சி. கோளாறு சருகில். ஒற்றைச் சருகு மிக மெல்லியது. ஒளிப்புள்ளி பட்ட இடம் கருகி உதிர்ந்ததும் அங்கே எரிய ஒன்றும் மிச்சமில்லை. வெளிச்சமும் ஓட்டை வழியே கீழே போய்விடுகிறது. ஓட்டையின் விளிம்பில் பிடித்த சூடு இரண்டு பக்கமும் காற்றில் போய்விடுவதால் பக்கத்துக்குப் பரவுவதில்லை.

கையடக்க லென்ஸிடம் சுடரை எதிர்பார்ப்பதும் தவறு. அது தருவது கங்கு. சூடேறிய பொருள் கக்கும் ஆவி காற்றோடு கலந்து எரிந்தால்தான் சுடர். 2 மில்லிமீட்டர் புள்ளியிலிருந்து கிளம்பும் ஆவி, பற்றும் அளவுக்குச் சேர்வதற்குள் கலைந்துவிடும். கங்குக்கு அந்தத் தொல்லை கிடையாது; பொருளின் மேற்பரப்பிலேயே சுடரில்லாமல் கனன்று, மெல்ல அக்கம்பக்கம் ஊர்ந்து போகும். ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கங்கு பிடிக்க ஒரு பொருள், அந்தக் கங்கை வாங்கிச் சுடராக்க இன்னொரு பொருள். சருகும் புல்லும் இரண்டாவது வேலைக்குத்தான் லாயக்கு.

கேள்வி: சரி, கங்கு பிடிக்க எது நல்லது? இயற்கையாகக் கிடைப்பதைச் சொல்லுங்கள்.

பதில்: மூன்று குணம் பாருங்கள். கருமையாக இருக்க வேண்டும், எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், விரலால் நசுக்கினால் பொடியும் அளவுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். கருமை ஒளியை விழுங்கும். வெளிர் நிறம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மெத்தென்ற பொருளில் காற்றறைகள் நிறைய. சூடு எளிதில் தப்பாது, ஆக்சிஜனும் உள்ளே போகும்.

எல்லாவற்றிலும் எளிது, பழைய நெருப்புக் குழியில் கிடக்கும் பாதி எரிந்த கட்டை. அதன் கரியில் கனமில்லாத, தொட்டாலே கையில் ஒட்டும் பகுதியைச் சுரண்டி எடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வெந்து, ஈரமும் பெரும்பாலான ஆவியும் போன பொருள் என்பதால் சீக்கிரம் பிடிக்கும். கணீரென்று ஓசை தரும் கெட்டிக் கரி வேண்டாம். அது பற்றவும் அடம்பிடிக்கும், பரவவும் அடம்பிடிக்கும்.

அடுத்தது உளுத்துப்போன மரம். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்குகிற கட்டையாக இருக்கட்டும். தரையைத் தொட்டுக் கிடந்ததை விடுங்கள், அது எப்போதும் ஈரம். நின்றபடி செத்த மரத்தில் கிடைப்பதே மேல். இது பொதுவாக வெளிர் நிறம் என்பதால், பொடித்து வைத்து மேலே ஒரு சிட்டிகைக் கரித்தூள் தூவுங்கள். ஒளிப்புள்ளி கரியைப் பிடிக்கும், கரி அடியில் இருக்கும் தூளைப் பிடிக்கும். வெளிர் நிறப் பொருள் எதற்கும் இந்தக் கரித்தூள் வைத்தியம் பலிக்கும்.

புல் தின்னும் பிராணிகளின் காய்ந்த சாணமும் நன்றாகக் கனலும், அணையாமல் நெடுநேரம் நிற்கும். வெயிலில் வெளுத்த மேல்தோலில் காட்டாமல், உடைத்து உள்பக்கத்து விளிம்பில், நார் துருத்தி நிற்கும் இடத்தில் காட்டுங்கள். விளிம்பிலிருந்து சூடு உள்ளே ஓட வழி குறைவு, அதனால் அங்கே சீக்கிரம் பிடிக்கும்.

குளிர்நாட்டுக் காடுகளில் பிர்ச், பீச் மரங்களில் குதிரைக் குளம்பு வடிவத்தில் ஒரு காளான் வளரும். ஃபோமெஸ் ஃபோமென்டாரியஸ் என்று பெயர். கடினமான மேலோட்டுக்குக் கீழே இருக்கும் தோல்போன்ற பழுப்பு அடுக்கைச் சீவிக் காயவைத்தால் கங்கு பிடிக்க அதற்கு நிகரில்லை. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டு பழைய மனிதன் ஓட்ஸியின் பையிலும் இந்தக் காளான் இருந்தது.

இலவம் பஞ்சு, நாணற்பூ போன்றவற்றை முதல் கங்குக்கு நம்ப வேண்டாம். வெண்மை ஒரு காரணம். பற்றினாலும் ஒரே மூச்சில் பொசுங்கிவிடும், கங்கு நிற்காது.

கேள்வி: 10 மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ் வைத்திருக்கிறேன். நண்பரின் 2 மடங்கு லென்ஸில் பிடிக்கிறது, என்னுடையதில் பிடிக்கவில்லை. பெருக்கம் அதிகமென்றால் சூடும் அதிகம் இல்லையா?

பதில்: நெருப்புக்கு முதலில் கணக்கு, லென்ஸ் எவ்வளவு வெயிலை அள்ளுகிறது என்பது. தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். 50 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் ஏறத்தாழ 2 வாட் அள்ளும், 75 மி.மீ. லென்ஸ் 4.4, 100 மி.மீ. லென்ஸ் 8-ஐ ஒட்டி. இதில் நூற்றுக்கு 8 பங்கு கண்ணாடியின் இரு முகங்களிலும் பட்டுத் திரும்பிப் போகும். உங்கள் 10 மடங்கு லென்ஸின் விட்டம் 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது கால் வாட்.

லென்ஸ் குவிப்பது சூரியனின் பிம்பத்தை. அதன் அகலம் குவிய தூரத்தில் (லென்ஸுக்கும் வெயில் ஒரு புள்ளியாகச் சேரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு. 200 மி.மீ. குவிய தூரமென்றால் புள்ளி 1.9 மி.மீ.; உங்கள் லென்ஸின் 25 மி.மீ. குவிய தூரத்துக்குக் கால் மி.மீ.கூட இல்லை. புள்ளிக்குள் வெப்பம் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் பிடித்த கங்கு, தான் உண்டாக்கும் சூட்டைவிட வேகமாகச் சூட்டை இழந்து செத்துவிடும். போதாக்குறைக்கு 25 மி.மீ. உயரத்தில் உங்கள் விரலும் லென்ஸும் புகைக்குள்ளேயே இருக்கும்.

வாங்குவதானால் 75 முதல் 100 மி.மீ. விட்டம், 150 முதல் 250 மி.மீ. குவிய தூரம் பாருங்கள். ஒரே விட்டத்தில் இரண்டு லென்ஸ் இருந்தால் குவிய தூரம் குறைந்ததே மேல். அளப்பது எளிது: அறைக்குள் சுவரில், தூரத்து ஜன்னலின் தலைகீழ்ப் பிம்பம் தெளிவாக விழும்வரை லென்ஸை நகர்த்தி, சுவருக்கும் லென்ஸுக்கும் இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். 50 மி.மீ. லென்ஸாலும் முடியும், அதற்குக் கரி போன்ற நல்ல பொருளும் நடுப்பகல் வெயிலும் வேண்டும்.

கேள்வி: லென்ஸைப் பிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? எனக்குப் புள்ளி ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

பதில்: முதலில் தூளுக்கு இடம் செய்யுங்கள். உள்ளங்கை அளவு மரப்பட்டையில் சிறு குழி. அதில் இரண்டு மேசைக்கரண்டித் தூளைப் போட்டுக் கட்டைவிரலால் லேசாக ஒருமுறை அமுக்குங்கள். 1 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். தளர்வாக விட்டால் ஒரு துகளின் சூடு அடுத்ததற்குப் போகாது; இறுக்கிவிட்டால் காற்று போகாது.

பட்டை சூரியனை நேராகப் பார்க்கட்டும். ஒரு குச்சியைப் பட்டையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் அடியிலேயே மறையும்வரை பட்டையைச் சாய்த்துக் கல்லில் முட்டுக் கொடுங்கள். தூள் சரிகிறதென்றால் அரைவாசி சாய்த்தாலும் போதும்.

இப்போது லென்ஸைத் தூளுக்கு அருகில் வைத்து மெல்ல மேலே எடுங்கள். ஒளிவட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மிகச் சிறியதாகும், அதற்கு மேல் போனால் மறுபடி விரியும். அந்த மிகச் சிறிய இடத்தில் நிறுத்துங்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் வால்முளைத்து நீண்டிருந்தால் லென்ஸ் சூரியனுக்கு நேராக இல்லை; தூளைப் பார்த்துச் சாய்த்திருப்பீர்கள். பலரும் செய்யும் பிழை இது. ஒரு பக்கம் தட்டையான லென்ஸ் என்றால் உப்பிய பக்கம் சூரியனை நோக்கட்டும், புள்ளி இன்னும் கூர்மையாகும்.

கை ஆடுவதற்கு மருந்து முட்டுதான். ஒரு காலை மடித்து உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள். லென்ஸ் பிடித்த கையின் சுண்டுவிரல் தரையில் ஊன்றிய ஒரு குச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். கவைக்குச்சியில் லென்ஸைச் செருகி நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சூரியன் சுமார் 2 நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு வானத்தில் நகர்ந்துவிடும், புள்ளியும் அப்படியே நகரும்.

புகை கிளம்பியதும் அது ஒளிக்குக் குறுக்கே நின்று தானே வெளிச்சத்தை மறைக்கும். இளங்காற்று பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள், காற்றே இல்லையென்றால் புகையை ஓரமாக மெல்ல ஊதி விலக்குங்கள். கரியென்றால் சில நொடியிலும், சாணமென்றால் ஒரு நிமிடத்துக்குள்ளும் கங்கு கண்ணில் படவேண்டும். இரண்டு நிமிடம் கழிந்தும் புகைகூட இல்லையென்றால் கையைக் குறை சொல்லாதீர்கள், தூளை மாற்றுங்கள்.

கேள்வி: கங்கு சிவக்கிறது. லென்ஸை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது.

பதில்: சீக்கிரம் எடுக்கிறீர்கள். முதல் புள்ளி சிவந்ததும் அதிலேயே நிற்காமல் அதன் ஓரத்துக்கு ஒளியை நகர்த்துங்கள், பிறகு அடுத்த ஓரம். கங்கு 1 செ.மீ. அகலத்துக்கு வந்தால்தான் தன் சூட்டில் தானே நிற்கும். நின்றுவிட்டதா என்று பார்க்க லென்ஸை அசைக்க வேண்டாம். மறு கையால் லென்ஸை மூடிப் பாருங்கள். 10 நொடிக்குப் பிறகும் புகை இழையாக வந்துகொண்டிருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கையை எடுங்கள், குறி தப்பாமல் புள்ளி அதே இடத்தில் விழும்.

கேள்வி: கங்கிலிருந்து சுடருக்கு எப்படிப் போவது? ஊதி ஊதித் தலை சுற்றுகிறது.

பதில்: ஊதும் பலத்தைவிட நார்க்கூடு முக்கியம். காய்ந்த புல், உள்பட்டை நார், தென்னை நார் எது கிடைத்தாலும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து இழை இழையாகப் பிரியுங்கள். இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவு வேண்டும். முரட்டு இழை வெளியே, மயிர்போல் மெல்லியது நடுவே. குருவிக்கூடு மாதிரி ஒரு பள்ளம். தேய்க்கும்போது உதிரும் தூளை வீசாமல் பள்ளத்திலேயே போடுங்கள்.

கங்கைத் தூளோடு சேர்த்துப் பள்ளத்தில் மெதுவாகச் சரியுங்கள். கையால் எடுத்தால் உடையும். பட்டையையே சாய்த்துக் கொட்டுங்கள். கூட்டைப் பாதி மூடி, நார் கங்கைத் தொடும் அளவுக்கு மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். நசுக்காதீர்கள். முதுகுப் பக்கம் காற்று வர நின்று, கூட்டை முகத்தைவிடச் சற்று உயரத்தில் ஏந்தி, நீளமாக, மெல்லிய ஓடையாக ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் இடையில் இரண்டு மூச்சு விடுங்கள். அந்த இடைவெளியில் சூடு நாருக்குள் இறங்கும், உங்கள் தலையும் சுற்றாது. புகை மெலிதாக இருக்கும்வரை மென்மையாக, அடர்ந்து திரளத் தொடங்கியதும் வேகமாக. அடர்புகையில் எரியும் ஆவி நிறைந்திருக்கிறது, எந்த நொடியும் குப்பென்று பற்றும். அப்போது பதறிக் கீழே போட்டுவிடாமல் சுடர் மேல்நோக்கி ஏறும்படி கூட்டைத் தலைகீழாகத் திருப்பிச் சுள்ளி அடுக்குக்கு அடியில் வையுங்கள்.

அடுக்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கூடு முழுவேகத்தில் எரிவது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். அதற்குள் சுள்ளி பொறுக்க ஓட முடியாது. தீக்குச்சிப் பருமனில் இரண்டு கைப்பிடி, பென்சில் பருமனில் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் பருமனில் ஒரு அணைப்பு. எல்லாம் ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. தீக்குச்சிப் பருமனை மட்டும் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொண்டாலும் நஷ்டமில்லை, பெரும்பாலான நெருப்பு சாவது அந்தக் கட்டத்தில்தான்.

கேள்வி: மூக்குக் கண்ணாடியால் முடியுமா?

பதில்: கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும், அதில் நடக்காது. வாசிப்புக் கண்ணாடி குவிக்கும், ஆனால் பலவீனம். +2 பவர் என்றால் குவிய தூரம் 500 மி.மீ., புள்ளி 4.7 மி.மீ. இரண்டு வாசிப்புக் கண்ணாடிகளை ஒட்டி வைத்தால் +4 ஆகும். குவிய தூரம் பாதி, புள்ளியின் பரப்பு கால்வாசி, வெளிச்சம் கிட்டத்தட்ட அதே. மென்மையான கரித்தூளில் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் வெயில் நன்றாக அடித்தாலும் பிடிப்பதில்லை. ஏன்?

பதில்: தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் மரத்திலும் நீர் உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும். 90 சதவீதத்தில் அது 20-ஐ எட்டும். 1 கிராம் நீரை ஆவியாக்கவே 2,260 ஜூல் வேண்டும். 75 மி.மீ. லென்ஸின் 4 வாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் 9 நிமிடத்துக்கு மேல். முதலில் கிளம்பும் வெண்புகையில் நீராவியும் கலந்திருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

உளுத்த மரத்தூளையும் நாரையும் கரும்பாறையின் மேல் மெல்லிய படுகையாகப் பரப்பி ஓரிரு மணி நேரம் காயவிடுங்கள், இடையில் கிளறுங்கள். காய்ந்த சூட்டோடு காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். ஒருமுறை நெருப்பு கிடைத்துவிட்டால் அடுத்த முறைக்குக் கரி செய்துகொள்வது புத்திசாலித்தனம்: உளுத்த மரத்துண்டுகளை மூடியில் ஆணித்துளை ஒன்று போட்ட தகர டப்பாவில் இட்டுத் தணலில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் வெளியே எடுத்துத் துளையை அடைத்து, முழுதாக ஆறிய பிறகே திறங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் கனன்று சாம்பலாகிவிடும்.

கேள்வி: மெல்லிய மேகம் இருக்கும்போது முயலலாமா? காலையில்?

பதில்: தரையில் உங்கள் நிழலின் விளிம்பைப் பாருங்கள். கத்திபோல் கூர்மையாக இருந்தால் முயலலாம். மங்கிப் பிசிறியிருந்தால், வெளிச்சம் எவ்வளவு கண்ணைக் கூசினாலும் பயனில்லை. மேகம் சிதறடித்த ஒளியை எந்த லென்ஸாலும் ஒரு புள்ளிக்குக் கொண்டுவர முடியாது. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் உகந்தது. அதற்கு முன்னும் பின்னும் வெயில் அதிகக் காற்றைக் கடந்து வருவதால் பெரிய லென்ஸ் வேண்டியிருக்கும்.

கேள்வி: திருமந்திரத்தில் சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் வருகிறதே, அது லென்ஸ்தானா? பஞ்சு பற்றுமா?

பதில்: கல் பஞ்சைத் தானாகச் சுடாது, சூரியன் முன்னால்தான் சுடும் என்கிறார் திருமூலர். குவிலென்ஸின் நடத்தை இதுவேதான். வெண்பஞ்சு பற்றும், ஆனால் பழுப்பேறும்வரை காத்திருக்க வேண்டும். பழுப்பேறிய பின் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய சமஸ்கிருத நூலான யாஸ்கரின் நிருக்தத்திலும் இதே சோதனை உண்டு: துலக்கிய வெண்கலத்தையோ பளிங்கு மணியையோ சூரியனுக்கு எதிரே, காய்ந்த சாணத்தைத் தொடாமல் பிடித்தால் அது பற்றிக்கொள்ளும் என்கிறது. பொருள் தேர்வில் எங்கள் ஓட்டு யாஸ்கருக்கு.

கேள்வி: புத்தகப் பக்கம் அளவுள்ள பிளாஸ்டிக் ஃப்ரெனெல் லென்ஸ் (வட்ட வட்டமாக வரிப்பள்ளம் போட்ட தட்டையான லென்ஸ்) கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாமா?

பதில்: ஏ4 அளவென்றால் 60 வாட்டுக்கு மேல் அள்ளும். காய்ந்த மரத்தில் காட்டிய சில நொடியிலேயே கருக்கும், சிலசமயம் நேராகச் சுடரே வரும். இதுவரை சொன்ன நுணுக்கம் எதுவும் தேவைப்படாது, அதுவே அதன் ஆபத்தும். விரல் குறுக்கே போனால் உடனே கொப்புளம். ஒளிப்புள்ளியை வெறும் கண்ணால் பார்த்தால் நெடுநேரம் கண் கூசும். காட்டுகிறவர், பார்க்கிறவர் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி அணியட்டும். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும்தான். வரிப்பள்ளமுள்ள பக்கம் சூரியனை நோக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் புள்ளி மங்கும். பிள்ளைகள் கையில் 50 மி.மீ. கண்ணாடி லென்ஸும் கரித்தூளும் கொடுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: நெருப்பு மூட்டுமுன் இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? அணைப்பது எப்படி?

பதில்: நெருப்பு மூட்ட அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். காடு வறண்டிருக்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம். குழியைச் சுற்றி 3 மீட்டருக்குச் சருகைப் பெருக்கி வெறும் மண் தெரியவிடுங்கள். மக்கிய இலையும் வேரும் நிறைந்த கறுப்பு மண்ணில் மூட்டினால் கங்கு மண்ணுக்கு அடியில் ஊர்ந்து, மறுநாள் வேறிடத்தில் தலைகாட்டும். மணல் அல்லது மக்கு கலக்காத கனிம மண் தேடுங்கள். வாளித் தண்ணீர் லென்ஸைக் கையில் எடுக்கும் முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மண் போட்டு மூடினால் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும். சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டிச் சூடில்லை என்று தெரிந்தபின், கையால் தொட்டுப் பாருங்கள். சுடவில்லையென்றால் புறப்படலாம். கொட்டாமல் விட்ட நார், மீந்த தூள், பட்டை இவற்றையும் நனைத்துவிடுங்கள். கங்கு பிடித்த பட்டையின் குழியில் சிவப்பு ஒளிந்திருப்பது உண்டு.

கேள்வி: என் லென்ஸில் கீறல் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். நாலைந்து கீறலால் குறையும் வெளிச்சம் சொற்பம். விரல் எண்ணெயும் புகைப்படிவும் அதைவிட அதிகம் குறைக்கும். மென்மையான ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பயன்படுத்தாத நேரத்தில் உறைக்குள் இருக்கட்டும். கூடாரத்திலோ ஜன்னல் ஓரத்திலோ திறந்து கிடக்கும் லென்ஸ், ஆள் இல்லாதபோதும் தன் வேலையைச் செய்யும்.